வன்னியிலிருந்து ஆழ்வானைப் படமெடுத்தல்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொலைநோக்கி வழியாக வானத்தைப் படமெடுப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் தங்கள் வானத்தைப் பார்த்து எழுதியவை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகியவையோ 9 பாகை வட அகலாங்கை ஒட்டிக் கிடக்கின்றன. இந்த வேறுபாடு மவுண்டை (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் கருவியை) தெரிவு செய்வதிலிருந்து படமெடுக்கும் மாதம் வரை பலவற்றை மாற்றிவிடும். கீழே உள்ள விடைகள் இங்குள்ள வானத்தையும் காற்றையும் பனியையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

ஆழ்வான் என்பது எது? சந்திரனைப் படமெடுப்பதிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

சூரிய குடும்பத்துக்கு அப்பால் உள்ள விண்மீன் கொத்துகள், நெபுலாக்கள் (வாயுவும் தூசும் சேர்ந்த முகில்கள்), கலக்சிகள் ஆகியவற்றையே ஆழ்வான் பொருட்கள் என்கிறோம். சந்திரனும் கோள்களும் பிரகாசமானவை என்பதால் அவற்றை மிகக் குறுகிய நேரத்தில் பதிவு செய்யலாம். ஆழ்வான் பொருட்களில் பல மிகப் பெரியவை, ஆனால் மங்கலானவை. அண்ட்ரோமெடா கலக்சி வானத்தில் ஏறத்தாழ 3 பாகை நீளத்துக்குப் பரந்திருக்கிறது. ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் வரும் நீளம் அது. ஆகவே இங்கு வேண்டியது உருப்பெருக்கம் அன்று, ஒளியைச் சேர்ப்பதற்கான நேரம். 1880 செப்டெம்பர் 30 அன்று அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தபோது, 51 நிமிடம் ஒரே தகட்டில் ஒளியை விழவிட்டார். இன்றைய கமெரா சில செக்கன்களிலேயே அதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும் என்றாலும், நேரத்தைச் சேர்த்தே படத்தைப் பெற வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

வன்னி வானம் இதற்கு ஏற்றதா?

இருளைப் பொறுத்தவரை மிகவும் ஏற்றது. ஏ9 வீதியோரப் பட்டணங்களை விட்டு நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் போனால், நிலவில்லாத இரவில் பால்வீதியைத் தேட வேண்டியதில்லை. தலையை நிமிர்த்தினாலே தெரியும். கொழும்பில் இருப்பவர்கள் ஒளிமாசைத் தடுக்கும் வடிகட்டிகளுக்குச் செலவழிக்கும் பணத்தை நீங்கள் வேறு ஒன்றுக்கு வைத்திருக்கலாம். முல்லைத்தீவுக் கரையில் மட்டும், வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கும் படகுகள் நிற்கும் இரவுகளில் கீழ்வானம் வெளுத்துப்போகும்.

இன்னொரு வசதியும் உண்டு. வட நாடுகளில் ஆனி மாதத்தில் வானம் முழுமையாக இருளாமலே விடிந்துவிடும் இடங்கள் பல. இங்கே ஆண்டு முழுவதும் இரவு எட்டு மணிக்குள் வானம் நன்றாக இருண்டுவிடும். விடிகாலை நாலரை வரை அந்த இருள் நிற்கும். குறை என்று சொல்வதானால் ஈரப்பதனையும் மழையையும்தான் சொல்ல வேண்டும்.

ஆண்டில் எந்த மாதங்களில் படமெடுக்கலாம்?

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை; அந்த மாதங்களில் தெளிந்த இரவு கிடைத்தால் அதை வரவில் வைக்கலாம், திட்டத்தில் வைக்கக் கூடாது. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை உள்ள காலமே புதியவருக்கு உகந்தது. காற்று அடங்கியிருக்கும்; பனி மட்டுமே தொல்லை. மே முதல் செப்டெம்பர் வரை மழை குறைவாக இருந்தாலும் சோளகக் காற்று வீசும். அந்தக் காற்றில் நீண்ட குழாய் கொண்ட தொலைநோக்கி பாய்மரம் போலவே நடந்துகொள்வதால், வீட்டுச் சுவரின் மறைவில் சிறிய கருவியோடு நிற்பவருக்கே நல்ல படம் கிடைக்கும்.

மாதத்துக்குள் நாளைத் தெரிவு செய்வதற்கு நம் நாட்டு நாட்காட்டியைவிட நல்ல துணை இல்லை. போயா விடுமுறை நாள் பறுவம் என்பதால், அன்றும் அதற்கு முன்பின் ஐந்தாறு நாட்களும் மங்கலான பொருட்களுக்கு உதவா. விடுமுறை வரும் இரவில் நிலவும் வருவது வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் அநியாயம்தான். அமாவாசையை ஒட்டிய சனி, ஞாயிறுகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் எதை வாங்குவது? பெரிய தொலைநோக்கியையா?

பெரிய தொலைநோக்கியை வாங்க வேண்டாம். பணத்தின் பெரும்பகுதி, தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்பும் மவுண்டுக்கே போக வேண்டும். பூமி சுழல்வதால் வானநடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் அமையும் கோட்டை) ஒட்டிய விண்மீன் ஒவ்வொரு செக்கனும் 15 விகலை நகர்கிறது; ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. 250 மில்லிமீற்றர் குவியத்தூரமும் 4.3 மைக்ரோமீற்றர் பிக்சலும் கொண்ட அமைப்பில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 3.5 விகலையைப் பார்க்கும். அதாவது மவுண்ட் நின்றுவிட்டால் ஒரு செக்கனுக்குள் விண்மீன் நான்கு பிக்சல்களைக் கடந்துவிடும். குவியத்தூரம் 1000 மில்லிமீற்றராக இருந்தால் அந்தப் பிழை நான்கு மடங்காகும். ஆகவே 60 முதல் 80 மில்லிமீற்றர் வரை விட்டமும் 250 முதல் 400 மில்லிமீற்றர் வரை குவியத்தூரமும் கொண்ட, நிறப்பிழை திருத்திய சிறிய வில்லைத் தொலைநோக்கி புதியவருக்குப் போதும். எட்டு அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி கண்ணால் பார்ப்பதற்கு அருமையானது; முதல் ஆண்டில் படமெடுப்பதற்கு அன்று.

கமெராவுக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. கலியாண வீடுகளுக்குப் படமெடுப்பவர்கள் புதியது வாங்கியதும் விற்றுவிடும் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றே போதும். அதன் உள்ளே உள்ள வடிகட்டி 656.3 நனோமீற்றரில் வரும் ஐதரசனின் சிவப்பை பெருமளவு தடுத்துவிடும் என்பதை மட்டும் அறிந்திருங்கள். ரோசெற் நெபுலா போன்றவை அதில் வெளிறித் தெரிவதற்கு அதுவே காரணம்.

தொலைநோக்கி இல்லாமலே தொடங்கலாமா?

தொடங்கலாம். 50 மில்லிமீற்றர் வில்லையும் ஒரு முக்காலியும் இருந்தால் போதும். முழுச்சட்டக் கமெராவில் (35 மில்லிமீற்றர் பிலிம் அளவு சென்சர் கொண்டதில்) 500ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால், விண்மீன்கள் கோடாகாமல் எத்தனை செக்கன் திறந்து வைக்கலாம் என்பது கிடைக்கும்: இங்கே 10 செக்கன், சிறிய சென்சர் கொண்ட கமெராவில் 6 செக்கன். ஓரியன் பகுதியை அப்படி நூறு, இருநூறு சட்டங்கள் (தனித்தனிப் படங்கள்) எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பவர், கருவிக்குப் பணம் கொடுக்கும் முன்பே தனக்கு இதில் பொறுமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்.

சீஸ்டார் போன்ற தானியங்கித் தொலைநோக்கி வாங்கினால் இந்தத் தொல்லைகள் இல்லையாமே?

பெருமளவு உண்மை. சீஸ்டார் எஸ்50 என்பது 50 மில்லிமீற்றர் விட்டமும் 250 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்டது; கைத்தொலைபேசியில் பெயரைத் தொட்டால் தானே தேடிப் பிடித்து, படங்களை அடுக்கியும் தந்துவிடும். அதன் சென்சர் சிறியது என்பதால் வானத்தில் முக்கால் பாகை அகலமும் ஒன்றேகால் பாகை நீளமுமே ஒரு தடவையில் அகப்படும். அண்ட்ரோமெடா முழுமையாக வராது.

வன்னியில் இதைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இக்கருவி சாதாரணமாக மேல்கீழாகவும் இடவலமாகவும் மட்டுமே திரும்புவதால், பொருள் சட்டத்தின் நடுவில் நின்றாலும் சட்டம் மெல்லச் சுழலும். இந்தச் சுழற்சி நேர்கிழக்கிலும் நேர்மேற்கிலும் ஏறத்தாழ இல்லை. உச்சியை நெருங்க நெருங்க மிக விரைவாகும். இங்கே ஓரியன் நெபுலா 75 பாகை உயரத்திலும் ரோசெற் நெபுலா 86 பாகை உயரத்திலும் உச்சத்தைக் கடக்கின்றன. "பொருள் உச்சத்தில் இருக்கும்போது எடுங்கள்" என்று வடநாட்டு வழிகாட்டி சொல்லும் அறிவுரை, இக்கருவியைப் பொறுத்தவரை இங்கே நட்டத்தில் முடியும். கிழக்கில் 30 பாகை ஏறியதும் தொடங்கி 65, 70 பாகையோடு நிறுத்திவிட்டு, மேற்கில் இறங்கியபின் மீண்டும் எடுப்பதே நல்லது. கருவியைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து இயக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் 9 பாகையில் அதை ஏறத்தாழப் படுக்க வைக்க வேண்டியிருப்பதால் பாரம் முக்காலிக்கு வெளியே விழுகிறது. உறுதியான கனத்த முக்காலி இல்லாதவர் அதை முயலாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

துருவ விண்மீன் எனக்குத் தெரிவதில்லை. மவுண்டைத் துருவத்துக்கு எப்படிச் சரிசெய்வது?

இதுவே இங்கிருந்து அதிகம் வரும் கேள்வி. பூமியின் அச்சுக்கு இணையாக மவுண்டின் அச்சை நிறுத்தினால்தான் விண்மீன்கள் புள்ளியாக வரும். வட நாடுகளில் துருவ விண்மீன் பாதி வானத்தில் நிற்கும்; நமக்கோ அது அடிவானத்திலிருந்து 9 பாகை உயரத்தில், பனங்கூடலுக்குப் பின்னாலோ அடிவானப் புகாருக்குள்ளோ இருக்கும்.

வடக்கு வெளித்த ஒரு வயல்கரையோ குளக்கட்டோ கிடைத்தால் துருவ விண்மீனைக் கண்டுபிடிக்கலாம். கிடைக்காதவர் அதை மறந்துவிடலாம். நினா என்ற இலவச மென்பொருளுக்குக் கிடைக்கும் மூன்று புள்ளி முறை, வானத்தின் எந்தப் பகுதியிலும் மூன்று படங்களை எடுத்து, இடையில் மவுண்டைத் திருப்பி, அச்சு எங்கே நோக்குகிறது என்று கணக்கிட்டுச் சொல்லும். வேறு சில மென்பொருட்களுக்குத் துருவத்தை ஒட்டிய வானமே வேண்டும். தரவிறக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினி இல்லாதவருக்கு விலகல் முறை இருக்கிறது. முதலில் தெற்கே உச்சத்தை ஒட்டி, வானநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஒரு விண்மீனைச் சட்டத்தின் நடுவில் வையுங்கள். இங்கே அது ஏறத்தாழ 81 பாகை உயரத்தில் இருக்கும். சில நிமிடங்களில் அது தெற்காக விலகினால் அச்சு கிழக்கே கூடியிருக்கிறது. வடக்காக விலகினால் மேற்கே கூடியிருக்கிறது. இடவலத் திருகைத் திருப்பி விலகல் அடங்கும்வரை திருத்த வேண்டும். பின்னர் கிழக்கு அடிவானத்துக்கு மேலே, அதே கோட்டை ஒட்டிய இன்னொரு விண்மீன். அது தெற்காக விலகினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்காக விலகினால் உயர்ந்திருக்கிறது. முதல் இரவில் இதற்கு ஒரு மணி நேரம் போகலாம். பழகியபின் கால்மணி நேரம் போதும். ஒரே முற்றத்தில் எப்போதும் நிற்பவர் சீமெந்தில் மூன்று குழிகள் அடையாளமிட்டு முக்காலியின் கால்களை அவற்றில் வைத்தால், அடுத்த தடவை சிறு திருத்தமே மிஞ்சும்.

வாங்கும் முன்பு மவுண்டின் சரிவுத் திருகு எவ்வளவு கீழே இறங்கும் என்று கையேட்டில் பாருங்கள். சிலவற்றில் அது 10 பாகைக்கோ 15 பாகைக்கோ கீழே வராது. ஒரு பாகை குறைவாக இருந்தால் தெற்குப் பக்கக் காலைச் சற்று நீட்டி முழு முக்காலியையும் வடக்கே சாய்த்துவிடலாம். மட்டம் பிசகுவதால் தடமறிதல் கெடாது. அச்சு இவ்வளவு படுத்திருக்கும்போது எதிர்ப்பாரக் கம்பி நேரே கீழ்நோக்கித் தொங்கி வடக்குக் காலில் முட்டும் என்பதால், இரண்டு கால்கள் வடக்கின் இருபுறமும் வருமாறு முக்காலியைத் திருப்பி வையுங்கள்.

குவியம் சரியா என்று எப்படி அறிவது?

பாக்டினோவ் மறைப்பு என்ற, கோடுகளாக வெட்டிய ஒரு தகட்டைத் தொலைநோக்கியின் வாயில் பொருத்துங்கள். தடித்த கறுப்பு மட்டையிலும் வெட்டிக்கொள்ளலாம். அதற்கான வரைபடத்தை அளவு கொடுத்து அச்செடுக்க முடியும். பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெருப்பித்தால், அதைச் சுற்றி எக்ஸ் வடிவில் இரண்டு கதிர்களும் நடுவே ஒரு கதிரும் தெரியும். குவியத் திருகைத் திருப்பும்போது நடுக்கதிர் ஒருபக்கம் இருந்து மறுபக்கம் நகரும். எக்ஸின் சரிநடுவை அது வெட்டும் இடமே குவியம். மறைப்பைக் கழற்ற மறக்காதீர்கள். வன்னி இரவில் வெப்பநிலை மெல்லவே இறங்குவதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

எத்தனை செக்கன், எந்த ஐஎஸ்ஓ?

ஐஎஸ்ஓ (கமெராவின் ஒளியுணர்வு அளவு) 800 அல்லது 1600, ரோ வடிவம் (சென்சரின் தரவை அப்படியே சேமிப்பது), 30 செக்கன் என்று தொடங்குங்கள். விண்மீன்கள் வட்டமாக இருந்தால் 60, 120 செக்கன் என்று கூட்டலாம். கமெரா காட்டும் ஒளிப்பரவல் வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) வானத்தின் மேடு இடப்பக்க ஓரத்திலிருந்து விலகி, கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நின்றால் அந்த நேரம் போதும். அதற்குமேல் ஒரு சட்டத்தை நீட்டுவதைவிடச் சட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பயன் தரும். படத்தின் தெளிவு மொத்த நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயரும் என்பதால், ஒரு மணி நேரப் படத்தைவிட இரு மடங்கு தெளிவு வேண்டுமானால் நான்கு மணி நேரம் வேண்டும். ஒரே பொருளுக்கு மூன்று நான்கு இரவுகளை ஒதுக்கிச் சட்டங்களைச் சேர்ப்பது வழமை.

இங்குள்ள வெக்கை கமெராவைப் பாதிக்குமா?

பாதிக்கும். சென்சரில் தானாக ஊறும் இருண்மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு 6 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் இரட்டிக்கிறது. இரவு 26 பாகையில் டிஎஸ்எல்ஆர் தரும் இரைச்சல், ஐரோப்பியர் ஒருவரின் குளிர்கால இரவில் வருவதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். இதற்காக மூடியைப் போட்டுவிட்டு அதே நேர அளவில், அதே வெப்பநிலையில், இருபது முப்பது இருட்சட்டங்கள் எடுக்க வேண்டும். அவற்றை வீட்டுக்குள் போய் மறுநாள் எடுப்பதில் பயனில்லை. திரையை மடித்து வெளியே விலக்கி வைத்தாலே சூடு கொஞ்சம் குறையும்.

குளிரூட்டிய கமெரா வாங்குபவர்கள் கையேட்டில் உள்ள மறை 10 பாகையை இலக்காக வைக்கிறார்கள். அவை பொதுவாகச் சுற்றுப்புறத்திலிருந்து 35 பாகை வரை இறக்கக்கூடியவை. 27 பாகை இரவில் மறை 10க்குப் போக 37 பாகை இறங்க வேண்டும். மின்சாரம் முழுவதையும் குடித்துவிட்டும் அது நிலைகொள்ளாது. 0 பாகையில் வைத்து, அதற்கே ஓர் இருட்சட்டத் தொகுப்பையும் எடுத்து வைத்திருங்கள்.

பனி வில்லையில் படிகிறது. என்ன செய்வது?

தை, மாசி மாதங்களில் நள்ளிரவுக்குப் பிறகு படத்தில் விண்மீன்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தோன்றி, மங்கலானவை ஒவ்வொன்றாக மறைந்தால், குவியத்தைத் தொடாதீர்கள், வில்லையைப் பாருங்கள். துணியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். 12 வோல்ற்றில் இயங்கும் சூடாக்கிப் பட்டியை வில்லையின் விளிம்பைச் சுற்றிக் கட்டி, இரவின் தொடக்கத்திலிருந்தே ஓடவிட வேண்டும். பனி படிந்தபின் போடுவது தாமதம். குழாயின் வாயில் கறுப்பு மட்டையைச் சுருட்டி நீட்டிவிடுவதும் உதவும். குளக்கட்டில் காட்சி நன்றாக இருந்தாலும் ஈரம் கூட என்பதால், அங்கு போகிறவர்கள் பற்றரியைத் தாராளமாகக் கணக்கிட வேண்டும்.

எந்தப் பொருட்களை எப்போது எடுப்பது?

இங்கேதான் வன்னிக்கு அதிட்டம். 18ஆம் நூற்றாண்டு வானியலாளர் சார்ல்ஸ் மெசியே பாரிசில் இருந்து தொகுத்து, பின்னர் பிறர் விரிவாக்கிய பட்டியலின் 110 ஆழ்வான் பொருட்களும் நமக்குத் தெரியும். அவரால் பார்க்கவே முடியாத தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். பிரித்தானிய வானியல் எழுத்தாளர் பற்றிக் மூர் 1995இல் வெளியிட்ட கோல்ட்வெல் பட்டியலையும் பக்கத்தில் வைத்திருங்கள். தெற்குப் பொருட்கள் அதில் உள்ளன.

பெப்ரவரியில் ஓரியன் நெபுலா, எட்டு மணிக்கே தலைக்குமேல். 1,300 ஒளியாண்டுக்குச் சற்றுக் கூடிய தொலைவில் உள்ள இது மிகப் பிரகாசமானது. நடுப்பகுதி வெளுத்துப்போகும் என்பதால் 5 செக்கன் சட்டங்கள் சிலவற்றையும் எடுத்துச் சேருங்கள். கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் நீலத் தூசும் அதே மாலைகளுக்கு உரியது.

மார்ச்சிலிருந்து மே வரை தென்வானம். கரினா நெபுலா 21 பாகைவரைதான் ஏறும். அதன் ஒளி உச்சியில் உள்ளதைவிட இரண்டே முக்கால் மடங்கு வளியைக் கடந்து வருகிறது. ஆனாலும் அது அவ்வளவு பிரகாசம் என்பதால் தெற்கு வெளித்த இடத்தில் நல்ல படம் வரும். ஒமேகா சென்டாரி 33 பாகை ஏறும். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் பல இலட்சம் விண்மீன்கள் செறிந்த இந்தக் கோளக் கொத்தைப் புதியவர்கள் முதல் வெற்றியாக வைத்துக்கொள்ளலாம்; ஒரு மணி நேரச் சட்டங்களே போதும். அதற்கு நேர் வடக்கே நாலரைப் பாகையில் சென்டாரஸ் ஏ கலக்சி, கோடிக்கு மேற்பட்ட ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 200 மில்லிமீற்றர் வில்லையில், சட்டத்தின் நீள்பக்கத்தை வடக்குத் தெற்காக வைத்தால் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். வட ஐரோப்பியர் ஒருவருக்கு இந்தப் படம் விமானச் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

ஜூன், ஜூலையில் லகூன், ட்றிபிட், ஈகிள் நெபுலாக்கள். காற்றோடு போராட வேண்டும். அண்ட்ரோமெடாதான் நமக்குக் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுகிறது. அது மாலையில் உயர்ந்து நிற்கும் மாதங்கள் நம் மழை மாதங்கள். ஆகஸ்ட் மாதத்தில் விடிகாலை இரண்டு மணிக்கு எழும்பினால், விடியும்வரை 50 பாகைக்கு மேலே அதைப் பிடிக்கலாம். பெரிய மகெலன் முகில் 12 பாகைக்கு மேல் ஏறாது. சாதாரண வில்லையால் ஒரு நினைவுப்படம் எடுப்பதோடு விட்டுவிடுங்கள்.

எடுத்த சட்டங்களை என்ன செய்வது?

சட்டங்களை அடுக்கும் மென்பொருட்களான சிரில், டீப் ஸ்கை ஸ்டாக்கர் இரண்டும் இலவசம். இரண்டில் ஒன்றைக் கற்றால் போதும். இருட்சட்டங்களோடு, வில்லையின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி விடிகாலை வானத்தை நோக்கி எடுக்கும் பிளாட் சட்டங்களும் வேண்டும். ஓர இருளையும் தூசு வட்டங்களையும் அவையே நீக்குகின்றன. கமெராவைக் கழற்றும் முன்பே அவற்றை எடுத்துவிட வேண்டும். இருபது சட்டங்களுக்கு மேல் இருந்தால் செய்ம்மதிகள் இழுத்த கோடுகளை மென்பொருளே ஒதுக்கிவிடும். அடுக்கிய படம் முதலில் முற்றாகக் கறுப்பாகத் தெரியும். ஒளியளவை மெல்ல நீட்டும்போதே நெபுலா வெளிவரும்.

இரவில் வெளியே நிற்பதில் கவனிக்க வேண்டியவை?

சொந்த வளவே முதல் தெரிவாக இருக்கட்டும். கண்ணிவெடி அகற்றும் வேலை எல்லா இடத்திலும் முடிந்துவிடவில்லை. மண்டையோட்டுப் பலகை உள்ள காணிக்குள் மட்டுமன்றி, பாவனையில் இல்லாத எந்தக் காட்டுக் காணிக்குள்ளும் "வானம் வெளிப்பாக இருக்கிறது" என்பதற்காக இறங்கக் கூடாது. காட்டோரக் கிராமங்களில் யானை வரும் பருவத்தை ஊரவர்களிடம் கேட்டறியுங்கள். சிவப்பு ரோச்சோடு இருட்டில் நிற்பவரை அது காணுமுன் அவர் அதைக் காண மாட்டார். குளக்கட்டிலோ வீதியோரத்திலோ நிற்பதானால் கிராம அலுவலரிடம் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். குழாய் வடிவில் ஒன்றை முக்காலியில் ஏற்றி நள்ளிரவில் நிற்பவரைப் பார்த்துக் கேள்வி எழுவது இயல்பு. பச்சை லேசரை வானத்தில் அடிக்கவே வேண்டாம்.

மழை மாதங்களில் கருவியை எங்கே வைப்பது?

பெட்டியோடு அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் தை பிறக்கும்போது வில்லையின் உள்ளே வெள்ளை நூல் போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறியதும் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்து மீண்டும் போடலாம். கம்பிகளை எலி கடிக்கும், மரப்பெட்டியைக் கறையான் தின்னும். பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள். மவுண்டை மாதம் ஒருமுறை பற்றரியில் கொளுவிச் சில நிமிடம் ஓடவிட்டு, பற்றரியையும் அன்றே மீண்டும் முழுமையாகச் சார்ஜ் செய்து வையுங்கள்.